புத்தகத்துக்கு எதிரே உட்கார்ந்தவள்

அந்த வராந்தாவில் சிவப்புச் சிமெண்டுத் தரை. ஈரத்துணியால் துடைத்து அப்போதுதான் காய்ந்திருந்தது. ராஜபாளையத்திலிருந்து வந்த புழுதி முழுவதும் என் காலில் இருந்தது. தடம் பதிந்துவிடுமோ என்று பயந்து, விரல்களைத் தூக்கிக்கொண்டு குதிகாலில் நின்றேன்.

உள்ளே ஒரு பெண் வாசித்துக்கொண்டிருந்தாள். மம்சாபுரத்துப் பிள்ளை என்று யாரோ சொன்னார்கள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் குரலை ஏற்றி வாசித்தாள்.

"ஏட்டி கிருப, ஏன் கோழி மாதிரி நிக்க? காலை நல்லா ஊனி நில்லு" என்றார் அய்யா.

"தரை அழுக்காயிரும் அய்யா."

"அழுக்கானா அவிய தொடச்சுக்கிடுவாவ. நீ பாடத்தை நெனை."

பாடத்தை நினைக்கச் சொன்னதும் இருந்த பாடமும் போய்விட்டது.

அய்யா அன்று முகம் மழித்து, இரவல் வாங்கிய வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். எவ்வளவு குளித்தாலும் அவர் காதோரம் கொஞ்சம் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு அரவை ஆலையில் அவருக்கு வேலை. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்தெடுக்கிற இடம். அம்மாவுக்கும் அங்கேயே, குப்பைப் பருத்தி பொறுக்குகிற வேலை.

நாங்கள் வந்திருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்பிள்ளைகளுக்கான ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்துக்கு. எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளில் நன்றாகப் படிப்பவளாகப் பார்த்து ஆறாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். சோறும் துணியும் படுக்கையும் அவர்களே கொடுப்பார்கள். வாசிப்பு, இலக்கணம், பின்னக் கணக்கு மூன்றையும் பெரிய டீச்சர் நேரிலேயே கேட்டுப் பார்ப்பார்.

தேறினால் ஜூன் மாதம் தகரப்பெட்டியோடு இங்கே. தேறாவிட்டால் வருகிற திங்கட்கிழமையே அம்மாவோடு பருத்தி பொறுக்க. மேஸ்திரியிடம் அய்யா சொல்லியும் வைத்திருந்தார். எங்கள் தெருவில் என் வயதுப் பெண்கள் எல்லோரும் எனக்கு முன்பே ஆலைக்குப் போய்விட்டார்கள். நான் ஒருத்திதான் மிச்சம்.

நாலு பேருக்கு ஒரு புத்தகம்

இங்கே எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னால்தான் பின்னால் நடந்தது விளங்கும்.

அது யுத்தகாலம். காகிதம் கிடைக்கவில்லை. பாடப்புத்தகம் கடைக்கு வந்த அன்றே தீர்ந்துவிடும். ஒன்றாம் வகுப்பிலிருந்தே எங்கள் கூட்டத்தில் நாலு பேருக்குச் சேர்த்து ஒரே ஒரு புத்தகம். அது சீதாவுடையது.

சீதா வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். வசதியான வீடு. பெண்பிள்ளைகளைச் சேர்க்கிற பள்ளிக்கூடம் பக்கத்தில் வேறு இல்லாததால் அவள் எங்களோடு வந்து படித்தாள். அவளுடைய வாசகப் புத்தகத்துக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் பழுப்புத்தாள் அட்டை போட்டிருக்கும். பிரித்தால் கற்பூர வாசனை வரும், பூச்சி அரிக்காமல் இருக்க அவள் அம்மா பீரோவில் வைத்துக் கொடுத்தனுப்புவார்.

தரையில் ஒரு மணைப்பலகை. அதன்மேல் புத்தகம். புத்தகத்தின் கால்மாட்டில் சீதா உட்காருவாள். அவள் தோளோடு தோள் ஒட்டி இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி.

நான் புத்தகத்தின் தலைமாட்டில், மூன்று பேருக்கும் எதிரே.

தோள் ஒட்டி உட்காரக்கூடாத வீட்டுப் பிள்ளை நான். அந்தக் காலத்து மனிதர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. யாரும் என்னைத் திட்டியதில்லை, விரட்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள் எங்கள் வாத்தியார் தேவசகாயம் சார் தன் பிரம்பின் நுனியால் எதிரே ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். பிரம்பு தொட்ட இடத்தில் உட்கார்ந்தேன். பிறகு அது என் இடமாகிவிட்டது, அவ்வளவுதான்.

வாளியும் வாசலும்

புத்தகத்தை நேராக வைத்துப் படித்தவர்களுக்கு, எதிரேயிருந்து படிப்பது எப்படியிருக்கும் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

'ப' என்ற எழுத்து உங்களுக்கு வாளி மாதிரி இருக்கும். எனக்கு அது வாசல். மெய்யெழுத்தின் புள்ளி உங்களுக்குத் தலைக்கு மேலே பொட்டு. எனக்கு அது கீழே சொட்டி நிற்கிற நீர். முதல் வரி எனக்கு மிக அருகில், என் மடியை ஒட்டி இருக்கும். வலது கைப்பக்கம் தொடங்கி இடது கைப்பக்கமாகப் போகும். அது முடிந்தால் அடுத்த வரி ஒரு படி தள்ளி, சீதாவின் பக்கமாக நகரும். பாடம் முடியும்போது அவள் மடியில் போய் நிற்கும்.

கரும்பலகையில் எழுத்துகள் நிமிர்ந்துதான் நின்றன. ஆனால் யுத்தத்தில் சாக்பீசுக்கும் தட்டுப்பாடு வந்துவிட்டது. சார் தேதியையும் வருகைக் கணக்கையும் மட்டும் அதில் எழுதிவிட்டு, துண்டுச் சாக்பீசைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். மற்றபடி எல்லாம் புத்தகத்தைப் பார்த்துத்தான். ஆகவே பெரிய எழுத்து நிமிர்ந்து நிற்கும், புத்தகத்து எழுத்து தலைகீழாகத் தொங்கும் என்று என் மனம் எப்படியோ பிரித்து வைத்துக்கொண்டது.

அதில் ஒரு வேடிக்கை. எங்கள் நாலு பேரில் வேகமாக வாசிப்பவள் நான்தான். சீதா ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் கூட்டுவாள். திணறி நின்றால் எதிரேயிருந்து நான் மெல்லச் சொல்லித் தருவேன்.

"நீ என்ன மாயம் பண்ணுதே?" என்று ஒருநாள் கேட்டாள். "எனக்கு நேரா இருந்தே தெரியலை, உனக்கு அங்கருந்து எப்படித் தெரியுது?"

நான் வேறு எந்தப் பக்கத்திலிருந்தும் பார்த்ததில்லையே.

இன்றும் அந்தக் கண் என்னிடம் இருக்கிறது. ரேஷன் கடையில் எதிரே உட்கார்ந்து எழுதுகிறவர் என் பெயரைத் தப்பாக எழுதினால், அவர் எழுதி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் சொல்லக் கூச்சப்பட்டு, தப்பான பெயரோடேயே வீட்டுக்கு வந்துவிடுவேன்.

மேலே எது, கீழே எது

பின்னக் கணக்குதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

வாயால் கேட்டால் பயமில்லை. அரை, கால், அரைக்கால் எல்லாம் வீட்டிலும் கடையிலும் புழங்குகிறவைதான். முக்காலில் பாதி எவ்வளவு என்றால் காலே அரைக்கால் என்று உடனே சொல்லிவிடுவேன். எழுதச் சொன்னால்தான் கை நின்றுவிடும்.

"மேலே தொகுதி, கீழே பகுதி" என்று சார் சொல்லிக் கொடுப்பார். பிள்ளைகள் எல்லோரும் ராகம்போட்டுத் திருப்பிச் சொல்வார்கள். நானும் சொல்வேன். சொல்லிக்கொண்டே புத்தகத்தைப் பார்ப்பேன். முக்காலுக்கு என் பக்கத்திலிருந்து மேலே நாலு, நடுவில் கோடு, கீழே மூன்று. வாய் ஒன்று சொல்லும், கண் ஒன்று சொல்லும்.

ஆறும் ஒன்பதும் இன்னும் மோசம். என் பக்கத்திலிருந்து ஆறைப் பார்த்தால் ஒன்பது. ஒன்பதைப் பார்த்தால் ஆறு. சிலேட்டில் எழுதும்போது எப்படி எழுத வேண்டும், நான் பார்க்கிற மாதிரியா, சீதா பார்க்கிற மாதிரியா? கேட்டுவிடலாம். ஆனால் சாரிடம் கேள்வி கேட்பது என்றால் எழுந்து நிற்க வேண்டும். நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குப் பயந்து கேட்காமலே ஐந்தாம் வகுப்புவரை வந்துவிட்டேன். சிலநாள் சரியாக வரும், சிலநாள் தப்பாக வரும். தப்பாக வந்த நாளில் சார், "கவனம் எங்கட்டி இருக்கு?" என்று கையில் ஓர் அடி வைப்பார். கவனமெல்லாம் அதில்தான் இருந்தது.

போர்டிங்குக்குக் கூப்பிட்ட செய்தி வந்ததும், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சீதா என்னைக் கூப்பிட்டாள். வாசகப் புத்தகத்தை ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்தாள். அதைக் கல்லின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"எடுத்துக்கோ. திங்கக்கெழமை கொண்டாந்துரு. மா அம்மகி செப்பொத்து" என்றாள். எங்கம்மாவிடம் சொல்லாதே என்பது அதற்கு அர்த்தம். அவள் அம்மாவிடம் நான் என்றைக்குப் பேசப்போகிறேன்?

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் சுளகைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் புத்தகத்தை விரித்தேன். எதிரே யாரும் இல்லை. நான் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் புத்தகத்தின் தலைமாட்டில் போய்த்தான் உட்கார்ந்தேன். அது என் இடம்.

அய்யா சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "மழை பெய்தது. குளம் நிறைந்தது. உழவர்கள் மகிழ்ந்தனர்." நிற்காமல் வாசித்துக்கொண்டு போனேன்.

"எம்புட்டு வேகமா வாசிக்கா பாரு" என்றார் அய்யா.

"மூச்சு விட்டு வாசிக்கச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

புத்தகம் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று சொல்ல எங்கள் வீட்டில் ஆள் இல்லை. இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. பக்கத்து வீடுகளிலும் தெரியாது.

கரி பஸ்

அந்த நாள் பஸ் கரியில் ஓடியது. பின்புறம் அடுப்பு மாதிரி ஓர் உருளை. கிளீனர் கைப்பிடியைச் சுற்றச் சுற்றப் புகை கிளம்பும். சிறு மேடு வந்தாலும் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். அய்யாவும் இறங்கித் தள்ளினார். இரவல் சட்டையின் கையில் கரி பட்டுவிட்டது. அதை எச்சில் தொட்டுத் தேய்த்தார். கறை இன்னும் பெரிதாகியது.

இடதுபுறம் மலை கூடவே வந்தது. எனக்கு அதைப் பார்க்கிற மனம் இல்லை. மடியில் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அய்யா என்னைத் தயார்செய்யத் தொடங்கினார். நான் வீட்டில் சத்தம்போட்டுப் படித்ததைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் கேள்விகள் எல்லாம் தெரியும். பதில்தான் தெரியாது.

"பசு புல்லைத் தின்றது. இதுல எழுவாய் யாரு?"

"பசு."

"சரிதான். புல்லு?"

"செயப்படுபொருள்."

"அம்புட்டுத்தான். தின்னது?"

"பயனிலை அய்யா."

"பொறவு என்னட்டி பயம்? எல்லாந்தான் தெரியுதே."

நான் தப்பாகச் சொல்லியிருந்தாலும் சரிதான் என்றுதான் சொல்லியிருப்பார். அது எனக்குத் தெரிந்திருந்ததால் தைரியம் வரவில்லை.

முன் சீட்டில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, செத்த நேரமா மாட்டையும் புல்லையும் பத்தியே பேசுதீய. சந்தைக்கா?"

"இல்ல, எம்மவ பரீச்சைக்குப் போறா" என்றார் அய்யா. பஸ் முழுவதும் என்னைப் பார்த்தது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அங்கே தூரத்தில், பனைகளுக்கு மேலே, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் விரலளவு தெரிந்தது. அது பெரிதாகாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். பஸ் நின்று நின்று போனாலும் அது பெரிதாகிக்கொண்டேதான் வந்தது.

மேஜைக்கு இந்தப் பக்கம்

மம்சாபுரத்துப் பிள்ளை சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

பெரிய டீச்சரின் பெயர் ஞானம்மாள். வெள்ளைச் சேலை, கண்ணாடி, நீளமான மேஜை. மேஜையின் விளிம்பு என் நெஞ்சுக்கு வந்தது. அய்யா வாசல்படிக்கு வெளியே நின்றுகொண்டார்.

"பேரென்னம்மா?"

சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். மறுபடியும் கேட்கவில்லை. அவரே காகிதத்தைப் பார்த்து, "கிருபையா?" என்றார். தலையாட்டினேன்.

"'வேலன் மாட்டைக் கட்டினான்.' எழுவாய் எது?"

"வேலன்" என்றேன். உதடு அசைந்தது எனக்குத் தெரியும். சத்தம் வந்ததா என்று தெரியாது. வரவில்லை போலும். அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"சரி, சிலேட்டுல முக்கால் எழுது."

குச்சியை எடுத்தேன். மேலே எது, கீழே எது? மேலே தொகுதி, கீழே பகுதி என்று ராகம் வந்தது. கண்ணுக்குள் சீதாவின் கணக்குப் புத்தகம் வந்தது. எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். கடைசியில் மேலே நாலும் கீழே மூன்றும் எழுதி நீட்டினேன்.

"இது முக்காலா? இது ஒண்ணுக்கும் மேலேல்ல வருது" என்றார். கோபமில்லை. அலுப்புத்தான் இருந்தது. அன்று எத்தனை பிள்ளைகளைப் பார்த்தாரோ.

புத்தகத்தை எடுத்து நீட்டினார். எங்கள் வாசகப் புத்தகமேதான். மழைப் பாடம். அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. இதில் தப்ப மாட்டேன். புத்தகத்தை மேஜைமேல் வைத்து, எனக்குப் பழகிய பக்கம் வரும்படி ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பி வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் என் குரல் வெளியே வந்தது.

"மழை பெய்தது. குளம் நிறைந்தது. உழவர்கள் மகிழ்ந்தனர்..."

"நிறுத்து" என்றார்.

எழுந்து மேஜையைச் சுற்றி என் பக்கம் வந்தார். குனிந்து புத்தகத்தைப் பார்த்தார்.

"தலைகீழா வச்சிருக்கியேம்மா. புத்தகத்தைப் பாத்து வாசிக்கியா, சும்மா ஒப்பிக்கியா?"

எனக்கு அவர் கேட்டது விளங்கவில்லை. அவரே புத்தகத்தை நேராகத் திருப்பி, வேறொரு பாடத்தை எடுத்து வைத்தார். "இதை வாசி."

அந்தப் பக்கத்தில் இருந்ததெல்லாம் வாளிகளாகத் தெரிந்தன. ஒரு வாசலும் இல்லை. எங்கே தொடங்குவது? வழக்கம்போல எனக்கு மிக அருகே இருந்த வரியில், வலது ஓரத்தில் விரலை வைத்தேன். அதாவது பக்கத்தின் கடைசி வரியில், கடைசி எழுத்தில். அவர் என் விரலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

வெளியே அய்யா இருமினார். பஞ்சு இருமல். உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. மகள் வாசித்தது அவர் காதில் விழுந்திருக்கும், நன்றாக வாசித்தாள் என்று நினைத்திருப்பார். அதை நினைத்தபோதுதான் எனக்கு அழுகை முட்டியது.

டீச்சர் பேனாவை மையில் தோய்த்து, தன் முன்னால் இருந்த காகிதத்தில் எழுதத் தொடங்கினார்.

நான் எதிரே நின்றேன்.

எதிரே எழுத்து ஓடினால் என் கண்ணும் கூடவே ஓடும். அன்றுவரை எனக்கு வாசிப்பு என்றால் அதுதான். மனதுக்குள் வாசிப்பது என்ற ஒன்றையும் நாங்கள் அறியோம். வாசித்தால் உதடு அசையும், சத்தம் வரும்.

"கிருபை. ராஜபாளையம்" என்று முணுமுணுத்தேன். பேனா நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். "வாசிக்கத் தெரியாது. மனப்பாடம். பின்னம்..."

பேனா நின்றது.

"இப்ப என்ன சொன்ன?"

செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன் என்று தெரிந்தது. ஆனால் பெரியவர் கேட்டால் சொல்ல வேண்டும்.

"வாசிக்கத் தெரியாது" என்றேன்.

"உனக்கு அது எப்படித் தெரியும்?"

"அங்க எழுதியிருக்கு."

அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு காகிதத்தைத் தன் பக்கமாகவே வைத்துக்கொண்டு, கீழே இன்னொரு வரி எழுதினார். மெதுவாகவோ பெரிய எழுத்திலோ எழுதவில்லை. வழக்கமான வேகத்தில், பொடி எழுத்தில்தான் எழுதினார். எழுத எழுத நான் வாசித்தேன்.

"கிருபை புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாள்."

"இதுல எழுவாய் எது?"

"நாந்தான்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அறையில் முதல் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று நின்றேன்.

அவர் ஒரு பின்னம் எழுதினார். "இது என்ன?"

"முக்கால்."

"உன் பக்கத்துல இருந்து பாத்தா மேல எது நிக்கிது?"

"நாலு."

என் சிலேட்டை எடுத்தார். நான் எழுதியிருந்ததைப் பார்த்தார். அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"பள்ளிக்கூடத்துல எங்கம்மா உக்காருவ?"

"எதிர்த்தாப்ல."

"யாருக்கு எதிர்த்தாப்ல?"

"புத்தகத்துக்கு."

"ஏன்?"

நான் சிவப்புத் தரையைப் பார்த்தேன். அவர் வாசலில் நின்ற அய்யாவைப் பார்த்தார். அய்யாவும் தரையைப் பார்த்தார். டீச்சர் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவரும் இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

'வாசிக்கத் தெரியாது' என்று எழுதிய வரியை அடித்தார். அய்யாவை உள்ளே கூப்பிட்டார்.

"உங்க பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும். ஆனா ஆறாம் வகுப்புல இவளுக்கு எதிர்த்தாப்ல யாரும் புத்தகம் விரிச்சு வைக்க மாட்டாங்க. எல்லாரும் பெஞ்சுல பக்கத்துல பக்கத்துல உக்காந்துதான் படிக்கணும். ஜூன்ல கூட்டிட்டு வாங்க. வந்ததும் நேரா வச்சு வாசிக்கச் சொல்வேன். வாசிக்கலைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"வாசிப்பா அம்மா" என்றார் அய்யா. எதை வாசிக்க வேண்டும், எப்படி வாசிக்க வேண்டும் என்று அப்போது ஒன்றும் அவருக்குப் புரிந்திருக்காது.

கால் சுற்று

திரும்பி வருகிற பஸ்ஸில், உள்ளே நடந்ததையெல்லாம் அய்யாவிடம் சொன்னேன். கோபுரம் சிறிதாகிப் பனைகளுக்குள் மறைந்த பிறகுதான் கேட்டார்.

"ஏட்டி, தலைகீழா வாசிக்கேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அய்யா."

"பொறவு ஏன் சொல்லலை?"

"புத்தகக்காரவியளுக்கு அப்படி, நமக்கு இப்படின்னு நெனச்சேன்."

அவர் என் தலையில் கை வைத்தார். எடுக்கவேயில்லை. மேட்டில் பஸ்ஸைத் தள்ளக் கூப்பிட்டபோதுதான் எடுத்தார்.

ஊர் வந்ததும் நேரே தேவசகாயம் சார் வீட்டுக்குப் போனோம். சார் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். அய்யா எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "எம்மவளையும் நேரா உக்கார வைக்க முடியுமா சார்? ஜூன் வரைக்குந்தான்" என்றார்.

சார் கோடரியைக் கீழே வைத்தார்.

"எனக்குப் புரியாமலா இருக்கு? பக்கத்துல உக்கார வச்சா நாளைக்கே நாலு வீட்டுப் பிள்ளைய நிறுத்திருவாவ. எண்ணிக்கை கொறஞ்சா பள்ளிக்கூடத்தையே மூடிருவாவ. மூடுனா உம்ம பிள்ள எங்க உக்காரும்? நீரே சொல்லும்."

அய்யா என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். ஜூனுக்கு அதிக நாள் இல்லை. எங்கள் வீட்டில் புத்தகம் இல்லை. சீதா இன்னொரு முறை கொடுப்பாளா என்பதும் தெரியாது. எழுத்துகளெல்லாம் வாளிகளாக நின்ற அந்தப் பக்கம் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

மறுநாள் வகுப்பில் சீதா வழக்கம்போல மணைப்பலகையில் புத்தகத்தை விரித்தாள். நான் வழக்கம்போல எதிரே உட்கார்ந்தேன். சார் வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பலகையையே பார்த்தார். பிறகு குனிந்தார். புத்தகத்தின் மூலையைப் பிடித்து மெதுவாகத் திருப்பி, குறுக்கே வைத்தார்.

இப்போது புத்தகம் சீதாவுக்கும் நேராக இல்லை, எனக்கும் நேராக இல்லை. சுவரைப் பார்த்தது.

"சார், இப்படி வச்சா எப்படி வாசிக்கது?" என்றாள் சீதா.

"தலையைச் சாச்சு வாசி."

"கழுத்து வலிக்கும் சார்."

"கொஞ்ச நாளைக்குத்தான். வாசி."

சீதாவின் இரண்டு பக்கமும் இருந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சார் யார் முகத்தையும் பார்க்காமல் அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார். அவர் செய்ததற்கு எந்த வீட்டிலிருந்தும் வந்து சண்டை போட முடியாது. யாரும் யார் பக்கத்திலும் உட்காரவில்லை. புத்தகம் மட்டும்தான் இடம் மாறியது.

சீதா என்னைப் பார்த்தாள். காரணம் நான்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கோபப்படுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"போர்டிங்குக்கா?" என்று மெல்லக் கேட்டாள்.

தலையாட்டினேன்.

அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டு தலையை இடதுபக்கம் சாய்த்தாள். நான் என் தலையை வலதுபக்கம் சாய்த்தேன். எதிரெதிரே உட்கார்ந்திருந்ததால் இரண்டு தலையும் ஒரே திசையில், மலைப் பக்கமாகச் சாய்ந்தன. வாளிகள் படுத்துக் கிடந்தன. அவளும் எழுத்துக்கூட்டினாள், நானும் எழுத்துக்கூட்டினேன். அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் ஒரே வேகத்தில் வாசித்தோம்.

ஜூன் மாதம் அந்த மேஜைக்கு எதிரே நின்று, நேராக வைத்த புத்தகத்தைத் தடுமாறித் தடுமாறி வாசித்துவிட்டேன். எட்டாம் வகுப்புவரை அங்கே படித்தேன்.

ஆனால் அன்று, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எனக்கு அதெல்லாம் தெரியாது. கணக்கு ஒன்றுதான் மனதில் ஓடியது. தலைகீழான புத்தகம் நேராக அரைச் சுற்று வேண்டும். சார் திருப்பியது கால் சுற்று. அரையில் கால் போனால், இன்னும் கால்.